உருவம் அதுவே, ஆள் வேறு

தமிழ்ப் பாடசாலை ஒன்றின் ஆண்டுவிழா மலரைப் புரட்டினால் மொழியின் தொன்மை, திருக்குறளின் பெருமை, புலம்பெயர் மண்ணில் தமிழ்க் கல்வியின் இன்றியமையாமை என்பன பற்றிய கட்டுரைகளைக் காண்பது வழக்கம். அவ்வரிசையில், வேற்றுலகிலிருந்து வந்து மனித உடல்களைக் கவர்ந்துகொள்ளும் உயிர்களைப் பற்றிய ஒரு திகில் திரைப்படத்தை நாம் பேசுபொருளாக எடுத்துக்கொண்டமை பெற்றோர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மாணவச் செல்வங்களுக்கு அது மகிழ்ச்சியாகவே இருக்கும் என எண்ணுகிறோம். ஆயினும் வெறும் பொழுதுபோக்குக்காக நாம் இதனை எழுத முற்படவில்லை. மிச்சத்தில் எமது இல்லத்தில் சில ஆண்டுகளாக நடந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு மருத்துவர்களின் சொல் எவ்வளவு உதவியதோ, அவ்வளவு இப்படமும் எமக்கு உதவியது. அதனாலேயே இதனைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் கதையைக் கூறிவிடுவோம். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் ஃபின்னி என்பவர் 1954ஆம் ஆண்டில் ஓர் இதழில் தொடராக எழுதி, 1955இல் நூலாக வெளியிட்ட கதை இது. 1956இல் டொன் சீகல் இதனைக் கறுப்பு வெள்ளைப் படமாக இயக்கினார். 'உடல் கவர்வோரின் படையெடுப்பு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கலிபோர்னியாவில் ஒரு சிற்றூர். அவ்வூர் மருத்துவர் சில நாள் வெளியூர் சென்று திரும்புகிறார். ஒரு சிறுவன் தன் தாயைக் கண்டு அஞ்சி ஓடுகிறான். இவள் என் அம்மா அல்லள் என்று கதறுகிறான். ஒரு பெண், தன்னை வளர்த்த மாமனைச் சுட்டி, இவர் என் மாமன் அல்லர் என்கிறாள். முகம் அதுவே, குரல் அதுவே, பழைய நினைவுகள் யாவும் அப்படியே உள்ளன. ஆனால் அவளைக் காணும்போது அவர் கண்ணில் தோன்றும் ஒரு கனிவு மட்டும் இல்லை. மருத்துவர் இதனை மனப்பிரமை என்று கருதுகிறார். நாள்கள் செல்லச் செல்லத்தான் உண்மை வெளியாகிறது. வானிலிருந்து வந்த விதைகள் பெரிய நெற்றுகளாக விளைந்திருக்கின்றன. மனிதர் உறங்கும் வேளையில் அந்நெற்றுகளுக்குள் அவர்களைப் போன்றே வேறோர் உடல் உருவாகிறது. காலையில் எழுவது அந்தப் புதிய உடலே. அதற்கு நினைவு உண்டு, அறிவு உண்டு. அன்பு இல்லை, துயரம் இல்லை.

இப்படத்தில் இரத்தம் சிந்தும் காட்சிகளோ கொடிய உருவங்களோ பெரும்பாலும் இல்லை. இருப்பினும் பார்ப்போரை உலுக்கிவிடும் தன்மை இதற்கு உண்டு. நம்பிக்கையற்ற முடிவு மக்களை வாட்டும் என்று அஞ்சிய படநிறுவனம், முகவுரைபோல ஒரு காட்சியையும் ஆறுதலான ஒரு முடிவையும் பின்னர் சேர்த்தது. 1978இல் பிலிப் கௌஃப்மன் இதனை மீண்டும் எடுத்தார். டொனால்ட் சதர்லண்ட் நடித்த அப்படத்தில் கதை சிற்றூரை விட்டு சான் பிரான்சிஸ்கோ மாநகருக்கு வந்தது. 1993இலும் 2007இலும் வேறு இயக்குநர்கள் இதே கதையைப் படமாக்கினர். 1994இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1956ஆம் ஆண்டுப் படம் இடம்பெற்றது. இது கம்யூனிசத்தின் மீதான அச்சத்தைக் காட்டுவது என்றனர் சிலர். கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய அக்கால அமெரிக்காவின் ஒத்தூதும் போக்கைச் சாடுவது என்றனர் வேறு சிலர். கதையை எழுதிய ஃபின்னியோ அரசியல் உட்பொருள் எதனையும் தாம் கருதவில்லை என்றே கூறிவந்தார். எமக்கு அவ்விவாதத்தில் நாட்டமில்லை. ஒரு பிள்ளை தன் தாயைப் பார்த்து இவள் என் தாய் அல்லள் என்று சொல்வதே இக்கதையின் உயிர்நாடி என்பது எம் கருத்து.

இலண்டன் வாழ் பிள்ளைகளே, இவ்வகைக் கதைகள் அமெரிக்காவுக்கு மட்டும் உரியன என்று எண்ணிவிடாதீர்கள். நாம் வாழும் இம்மாநகருக்கு அவை இன்னும் முன்பே வந்துவிட்டன. 1953ஆம் ஆண்டு, இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா முடிந்து ஆறு வாரங்களில், பி.பி.சி. தொலைக்காட்சியில் 'குவாட்டர்மாஸ் பரிசோதனை' என்னும் தொடர்நாடகம் ஆரம்பமாயிற்று. நைஜல் நீல் எழுதிய அந்நாடகம் ஆறு சனிக்கிழமைகளில், வட இலண்டனில் உள்ள அலெக்ஸாண்ட்ரா மாளிகைக் கலையகத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பானது. முதல் இரண்டு பகுதிகளின் ஒளிப்பதிவு மாத்திரமே இன்று எஞ்சியுள்ளது. மூவர் ரொக்கற்றில் விண்வெளிக்குச் செல்கின்றனர். திரும்பி வருபவன் ஒருவனே. ஆனால் அவனுடைய உடலுக்குள் வேறேதோ புகுந்திருக்கிறது. மற்ற இருவரின் அறிவும் நினைவும் கூட அவனுக்குள் கலந்திருக்கின்றன. சிறிது சிறிதாக அவன் மனித வடிவை இழந்து செடிபோன்ற பெரும் பூதமாகி, இறுதியில் வெஸ்ட்மின்ஸ்ரர் தேவாலயத்தினுள் புகுந்துகொள்கிறான்.

இங்கு ஒரு சுவையான செய்தியைக் குறிப்பிட வேண்டும். அன்றைய பி.பி.சி. இடம் பணச் செழிப்பு இல்லை. ஆகவே நாடகாசிரியர் நீலும் அவர் பின்னர் மணந்துகொண்ட பெண்மணியும் சேர்ந்து கையுறைகளில் இலைதழைகளை ஒட்டி அந்தப் பூதத்தைத் தாமே செய்தனர். தேவாலயத்தின் உட்புறத்தைக் காட்டும் பெரிய புகைப்படத்தில் துளையிட்டு, அதன் வழியே கைகளை நீட்டி அதனை ஆட்டினர். நாடு முழுவதையும் நடுங்கவைத்தது அந்தக் கையுறைகளே. அப்பெண்மணி யார் தெரியுமா? உங்களிற் பலர் சிறுவயதில் படித்திருக்கும் 'தேநீர் அருந்த வந்த புலி' என்ற 1968ஆம் ஆண்டுப் படக்கதையை எழுதி வரைந்த ஜூடித் கெர் அம்மையாரே அவர். அவர் 1923இல் பேர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த 1933இல் அக்குடும்பம் நாட்டை விட்டுத் தப்பியது. சுவிற்சர்லாந்து, பிரான்சு என்று அலைந்து 1936இல் இலண்டன் வந்து சேர்ந்தது. பிறந்த மொழியை விட்டுப் பிரெஞ்சையும் பின்னர் ஆங்கிலத்தையும் கற்றுக்கொண்ட அகதிச் சிறுமி, ஆங்கிலப் பிள்ளைகள் யாவரும் போற்றும் கதாசிரியையாக 2019இல் மறைந்தார். நாடிழந்து வந்தோரின் பிள்ளைகளாகிய நீங்கள் நினைவில் வைத்திருக்கத்தக்க வரலாறு அது.

அந்நாடகத்தின் முடிவே எம்மைப் பெரிதும் கவர்ந்தது. 1955இல் ஹமர் நிறுவனம் அதனைத் திரைப்படமாக்கியபோது, பூதத்தை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவிட்டார்கள். நீல் எழுதிய தொலைக்காட்சி நாடகத்தில் அப்படி இல்லை. பேராசிரியர் குவாட்டர்மாஸ் ஆயுதமின்றித் தேவாலயத்துக்குள் சென்று அப்பூதத்துடன் பேசுகிறார். அதற்குள் எஞ்சியிருக்கும் மூன்று மனிதரையும் அழைக்கிறார். அவர்களின் மனிதத்தன்மையை நினைவூட்டி, உள்ளே புகுந்ததை எதிர்த்து நிற்குமாறு வேண்டுகிறார். அவர்கள் அதனைக் கேட்கிறார்கள், பூதம் அழிகிறது. எவ்வளவுதான் மாறிப்போன உடலாயினும் உள்ளே கொஞ்சம் மிஞ்சியிருக்கும், குரல் கொடுத்தால் அது கேட்கும் என்பதே நீலின் முடிபு. இதனைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

இனி, நம் சொந்த மரபுக்கு வருவோம். ஓர் உடலில் வேறோர் உயிர் புகுதலைக் 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' என்று தமிழர் தொன்றுதொட்டுச் சொல்லி வந்தனர். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் திருமூலர் கதை வருகின்றது. கயிலையிலிருந்து தெற்கே வந்த ஒரு யோகியார், காவிரிக்கரையில் சாத்தனூருக்கு அருகே மூலன் என்ற ஆயன் இறந்துகிடப்பதையும் அவனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுவதையும் காண்கிறார். பசுக்களின் துயர் தீர்க்க விரும்பி, தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலிற் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் அவை வீடு திரும்புகின்றன. கணவனைத் தேடி வந்த மூலனின் மனைவி அவரை அணுக, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று அவர் விலகி நிற்கிறார். அவள் அவ்விரவைத் துயரத்தில் கழித்து, மறுநாள் ஊராரிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, இவரை உன் வாழ்வுக்கு இனித் திருப்ப இயலாது என்கின்றனர். அந்த யோகியாரே பின்னர் திருமந்திரத்தைத் தந்தார் என்பது மரபு.

இக்கதையைப் பாடசாலையிற் கற்ற நாளில் நாம் யோகியாரின் அருளையும் பசுக்களின் மகிழ்ச்சியையும் மட்டுமே எண்ணினோம். பரீட்சைக்கு அதுவே போதுமாக இருந்தது. பல ஆண்டுகளின் பின்னர், இலண்டனில், அந்த ஆயனின் மனைவியை எண்ணத் தொடங்கினோம். தன் கணவனின் முகத்தில் வேறொருவர் நிற்பதைக் கண்ட அந்த இரவு அவளுக்கு எப்படி விடிந்திருக்கும்? அமெரிக்கப் படத்தின் திகில் முழுவதும் அவளுடைய அந்த ஓரிரவில் அடங்கியிருக்கிறது.

வேற்றுலகத்தவர் பற்றிய திரைப்படம் தமிழிலும் உண்டு. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்க, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' அது. விஞ்ஞானத்தில் உயர்ந்து கலையில் வறியராக இருக்கும் வேற்றுலகத்தவர், பாடத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடிப் பூமிக்கு வந்து அவளைக் கவர்ந்து செல்கின்றனர். ஹொலிவூட்டின் வேற்றுலகத்தவர் உடலைக் கவர வந்தனர். நம்மவர் கற்பனையில் வந்தோர் பாட்டைக் கவர வந்தனர். மனிதரிடம் கவரத்தக்கது எது என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் இவை.

ஆங்கிலத்தில் இவ்வேற்றுலகத்தவரை 'ஏலியன்' என்கின்றனர். அச்சொல் வானத்துக்கு உரியதாவதற்கு நெடுங்காலம் முன்பே அந்நியநாட்டவரைக் குறித்த சொல். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதரைக் கட்டுப்படுத்தும் பொருட்டு 1905இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே 'ஏலியன் சட்டம்'. இலங்கையரும் இந்தியரும் கொமன்வெல்த் குடிமக்கள் ஆகையால், சட்டத்தின் கண்ணில் நாம் ஏலியன்கள் அல்லோம் என்பதை மாணவர்கள் அறிந்து மகிழலாம். பள்ளியில் யாரேனும் உங்களை அவ்வாறு அழைத்தால் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி எமது இல்லத்தில் நடந்ததைக் கூறுகிறோம்.

எமது தாயார் வடமராட்சியில் பிறந்து, போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, தமது அறுபதாவது வயதில் இலண்டன் வந்து எம்முடன் வாழ்ந்தவர். எழுபத்தைந்து வயதைக் கடந்த பின்னர் அவருக்கு மறதிநோய் கண்டது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பின்னர் நாளையும் மாதத்தையும் மறந்தார். இவை யாவும் மருத்துவர் முன்னரே சொன்னவை. ஆனால் எவரும் சொல்லாத ஒன்று ஒரு மாலையில் நிகழ்ந்தது. நாம் வேலை முடிந்து வந்து அவர் முன்னே நின்றோம். அவர் எம்மை ஏறிட்டுப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன் கேட்டார்:

"தம்பி, நீங்கள் ஆர்? நல்ல பிள்ளையாத்தான் தெரியிறியள். என்ரை மோன் எங்கை?"

எம்மை அவர் மறந்துவிட்டார் என்று நாம் முதலில் எண்ணினோம். அதுவன்று. எமது பெயர், பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், சிறுவயதில் கிணற்றடியில் விழுந்து நெற்றியில் பட்ட காயம் யாவும் அவருக்கு நினைவிருந்தன. எமது நெற்றித் தழும்பைக் காட்டியபோது, அவனுக்கும் இதே இடத்தில்தான் இருக்கிறது என்று வியந்தார். முகம் அதுவே, தழும்பும் அதுவே. ஆனால் இவர் அவனல்லர் என்பது அவரது முடிவு. எமது மனைவியாரை அவர் ஐயுறவில்லை. நாள்தோறும் வந்து உதவிய தாதியை ஐயுறவில்லை. அயல்வீட்டு ஆங்கிலேய மூதாட்டியையும் ஐயுறவில்லை. தாம் பெற்ற மகனை மட்டுமே ஐயுற்றார்.

தமிழில் ஒரு சிறப்பு உண்டு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். தாய் மகனை அழைப்பதும் கடைக்காரர் வாடிக்கையாளரை அழைப்பதும் ஒன்றே. நமக்கோ 'நீ' உண்டு, 'நீர்' உண்டு, 'நீங்கள்' உண்டு. ஐம்பது ஆண்டுகளாக எம்மை 'நீ' என்றும் 'மோனை' என்றும் அழைத்த வாய், 'நீங்கள்' என்று அழைத்த கணமே தாயை இழந்தவர்போல் ஆனோம். பிறர் அதனை மரியாதை என்று கொள்வர். எமக்கு அது வாசற்கதவை மூடிய ஓசையாகக் கேட்டது.

மருத்துவமனை முதியோர் பிரிவில் இதற்குப் பெயர் உண்டு என்று அறிந்தோம். 1923இல் ஜோசெப் கப்கிரா என்ற பிரெஞ்சு மனநோய் மருத்துவரும் அவருடைய உதவியாளரும் இதனை முதன்முதலில் விவரித்து எழுதினர். தம் கணவரும் பிள்ளைகளும் அவர்களைப் போன்ற வேறு ஆள்களால் மாற்றிவைக்கப்பட்டுள்ளனர் என்று நம்பிய ஒரு பெண்மணியே அவர்கள் கண்ட நோயாளி. ஃபின்னியின் கதை எழுதப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, கதையிலுள்ள சிறுவனின் கூற்று மருத்துவ ஏட்டில் பதிவாகியிருந்தது.

இதன் காரணத்தை ஆராய்ந்தோரில் முக்கியமான ஒருவர் தமிழர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் கற்று, கேம்பிரிட்ஜில் ஆய்வுப்பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் பேராசிரியராகப் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன் அவர்களே அவர். 2003இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தியவரும் அவரே. வாகன விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞரை அவர் பரிசோதித்தார். அவ்விளைஞர் தம் பெற்றோரை நேரிற் கண்டபோது, இவர்கள் போலிகள் என்றார். அதே பெற்றோர் வேறோர் இடத்திலிருந்து தொலைபேசியிற் பேசியபோதோ, ஐயமின்றி அவர்களை அடையாளம் கண்டு அன்புடன் உரையாடினார். இராமச்சந்திரன் தந்த விளக்கம் இது: முகத்தை அறியும் பகுதி மூளையில் ஒன்று; அன்பு, அச்சம் முதலிய உணர்ச்சிகளை எழுப்பும் பகுதி வேறொன்று. இரண்டையும் இணைக்கும் பாதை அறுந்துபோனால், கண் முகத்தை அறியும், நெஞ்சு அசையாது. பெற்ற தாயைக் கண்டும் நெஞ்சு அசையாவிடில், இவள் தாயாக இருக்க முடியாது என்று மூளை முடிவு செய்கிறது. செவியிலிருந்து செல்லும் பாதை வேறு, அது அறுபடவில்லை. ஆகவே குரல் கேட்டால் நெஞ்சு அசையும். அயலாரைக் காணும்போது நெஞ்சு அசையவேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. ஆதலால் அவர்கள்மேல் ஐயமும் எழுவதில்லை. அன்பு மிகுந்த இடத்தில்தான் ஐயமும் வருகிறது. இதனை வாசித்தபோது எமது துயரம் பாதியாகக் குறைந்தது. தாயார் எம்மை வெறுக்கவில்லை. எம்மைக் கண்டால் பொங்கவேண்டிய ஒன்றை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

அவ்விளக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. ஒருநாள் ஃபிக்ஸ் மார்ஷ் பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். தாயார் எடுத்தார். குரலைக் கேட்டதும் அவருடைய குரல் மலர்ந்தது.

"மோனை, நீ எங்கை நிக்கிறாய்? ஒவ்வொருநாளும் பின்னேரம் இஞ்சை ஒருத்தர் வாறார். உன்னை உரிச்சுவைச்ச மாதிரி இருக்கிறார். பாவம், நல்ல மனிசன். ஆனால் நீ இல்லை. நீ கெதியா வா."

வருகிறேன் அம்மா என்றோம். பேருந்தில் ஏறியபோது சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன. அன்று முதல் ஒரு முறையைக் கைக்கொண்டோம். முகத்தைக் காட்டுவதற்கு முன்னர் குரலைக் காட்டுவது என்பதே அது. வாசலில் நின்றபடியே பேசத் தொடங்குவோம். ஊர்க்கதை, மழை, சந்தையில் மீன் விலை என்று எதையாவது சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றுவோம். பேச்சை நிறுத்தாமல் அறைக்குள் சென்று, எதிரே அமராமல் பக்கத்தில் அமர்வோம். எல்லா நாளும் அது பலிக்கவில்லை. பலித்த நாள்களில், அவர் எம்மைத் திரும்பிப் பாராமலே, "நீ சாப்பிட்டியோ, மோனை?" என்பார். எமக்கு அது போதும்.

ஆங்கிலத்தில் பேசியிருந்தால் இது ஒருபோதும் நடந்திராது. மறதிநோய் முற்றும்போது பிற்காலத்திற் கற்ற மொழி முதலிற் கழன்றுவிடுவதும், தாயின் மடியிற் கற்ற மொழி நெடுநாள் நிலைப்பதும் பலரிடம் காணப்படுவது. எமது தாயார் இலண்டனில் கற்றிருந்த சிறிதளவு ஆங்கிலம் ஓராண்டில் மறைந்துவிட்டது. தாதியின் அன்பான சொற்கள் அவருக்கு வெறும் ஓசைகளாயின. எஞ்சிய ஒரே பாதை தமிழ்.

அப்பொழுது எமது மகளுக்குப் பதினொரு வயது. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பாடசாலை செல்வதில் அவளுக்கு அத்துணை விருப்பம் இருந்ததில்லை. நண்பிகள் நீச்சலுக்குச் செல்லும் நேரம் அது. அவளுடைய தமிழ் தட்டுத்தடுமாறும் தமிழ். எமது முறையைப் பார்த்து அவளும் மாடிப்படியில் நின்றே குரல் கொடுப்பாள். "அப்பம்மா, நீ தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டு இறங்குவாள். உடனே உள்ளேயிருந்து பதில் வரும்: "பெரியாக்களை நீ எண்டு சொல்லப்படாது. நீங்கள் எண்டு சொல்லவேணும்." ஆண்டையும் ஊரையும் மறந்த மூதாட்டி, பேத்தியின் தமிழில் உள்ள பிழையை மறக்கவில்லை. மகள் சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்வாள். நாளடைவில் அவள் வேண்டுமென்றே பிழைவிடத் தொடங்கினாள் என்பதை நாம் கண்டுகொண்டோம். திருத்தும்போது அப்பம்மாவின் முகம் பழைய முகமாகிறது என்று அவள் எமக்குக் காரணம் சொன்னாள். குவாட்டர்மாஸ் பேராசிரியர் தேவாலயத்தில் செய்ததை அச்சிறுமி மாடிப்படியில் செய்துகொண்டிருந்தாள். அதன் பின்னர் சனிக்கிழமைகளில் அவளை எழுப்பவேண்டிய தேவை இருக்கவில்லை. தாயார் காலமாகிச் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. கடைசி மாதங்களில் அவர் அதிகம் பேசவில்லை. ஆயினும் தமிழ்க் குரல் வந்த திசைக்குத் தலை திரும்பியது.

அன்பார்ந்த பெற்றோரே! நம் பிள்ளைகளைப் பற்றி நாம் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு. உருவத்தில் நம் பிள்ளை, உள்ளே வெள்ளைக்காரப் பிள்ளை என்பதே அது. யாரோ இரவில் வந்து நம் பிள்ளைகளை மாற்றிவைத்துவிட்டுப் போனதுபோல் பேசுகிறோம். படத்தில் வரும் போலிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் மொழி இருந்தது, நினைவு இருந்தது, வழக்கங்கள் யாவும் இருந்தன. அன்பு மட்டும் இருக்கவில்லை. நம் பிள்ளைகளிடம் மொழி குறைவாக இருக்கலாம். வழக்கங்கள் வேறாக இருக்கலாம். அன்பு குறைந்ததா? நோயுற்ற மூதாட்டிக்காக வேண்டுமென்றே பிழைவிட்ட பிள்ளையை நாம் கண்டோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே, நீ மாறிவிட்டாய் என்று அவர்களிடம் சொல்வதைத் தவிர்ப்போம். அவ்வாறு தன்னைப் பெற்றவரே சொல்லக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை நாம் அனுபவத்தில் அறிந்துள்ளோம்.

அவ்வாறே, பொருள் அறியாது ஆங்கில எழுத்தில் எழுதி மனனம் செய்து மேடையில் ஒப்புவிக்கப்படும் பேச்சையும் நாம் சிறிது எண்ணிப்பார்க்க வேண்டும். அதில் ஓசை தமிழாக இருக்கிறது. உள்ளே எவரும் இல்லை. பரிசு பெறும் அத்தகைய பேச்சினும், அப்பம்மாவோடும் அம்மம்மாவோடும் பிழையுடன் பேசும் நான்கு சொற்கள் மேலானவை என்பது எம் துணிபு.

மாணவச் செல்வங்களே! 1956ஆம் ஆண்டுப் படத்தை உயர்வகுப்பில் உள்ளவர்கள் பெற்றோருடன் அமர்ந்து பாருங்கள்; சிறியவர்கள் இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருங்கள். பார்த்து முடிந்ததும் உங்கள் வீட்டு முதியவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். அவர் ஊரில் இருக்கலாம், கனடாவில் இருக்கலாம், அடுத்த அறையிலும் இருக்கலாம். படத்தில் வரும் போலிகளால் செய்ய முடியாத ஒன்றை அப்போது நீங்கள் செய்கிறீர்கள்.

நாம் வாழும் இவ்வூரின் பெயர் பழைய ஆங்கிலத்தில் 'பெரிய வீடு' என்று பொருள்படுமாம். ஒருகாலத்தில் லவெண்டர் பூவும் புதினாவும் விளைந்த ஊர் இது. நம்மவர் வந்து தம் நாவுக்கு ஏற்ப அதனை 'மிச்சம்' என்றனர். நாட்டையும் வீட்டையும் பலவற்றையும் இழந்து வந்தோர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இழந்ததை இங்கே கணக்கெடுப்போர் பலர். மிஞ்சியிருப்பதை அழைத்துப் பேசும் இடமாக நமது தமிழ்ப் பாடசாலை ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவு திறக்கிறது.